புதிய வில் பொருத்திய மோட்டார் சைக்கிளில் எழும் ஒலி

கொல்கத்தாவின் கிழக்கே திட்டமிட்டு அமைக்கப்பெற்ற நகரம் நியூ டவுன். அங்குள்ள அகன்ற விஸ்வ பங்களா சரணியில் ஓசையின்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள், கிளைத் தெருவின் வேகத்தடையிலோ, ராஜர்ஹாட் பக்கத்துக் கிராமச் சாலையிலோ ஏறியிறங்கும்போதுதான் தன் உண்மை நிலையை வெளியிடும். கடையில் வாங்கிய விறைப்பான சுருள்வில்லையும் உயர்ந்தவகை ஷாக் அப்சார்பரையும் பொருத்திய பின்னர், முன்பு இல்லாத “டக்” என்னும் ஒலி அவ்விடங்களில் கேட்பதுண்டு. புதிய உறுப்பே பழுது என்று எண்ணி அதை மாற்ற முனைவோர் பலர். பெரும்பாலும் குறை, உறுப்பு பொருந்தியுள்ள முறையிலேயே இருக்கும். பணிநிமித்தம் நாள்தோறும் வண்டியில் செல்லும் களப்பணியாளர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். அவ்வொலி சில வேளைகளில் விபத்தின் முன்னறிவிப்பாகவும் அமையக்கூடும்.

தொங்கமைப்பில் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. சுருள்வில் பள்ளமேடுகளின் அதிர்ச்சியை ஏற்கிறது. எண்ணெய், சிறு துளைகளின் வழியே புகுந்து, வில்லின் துள்ளலைத் தணிக்கிறது. எண்ணெயால் தணிக்கப்படும் தொலைநோக்கி வடிவ முன்கவையை (போர்க்) 1935-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளில் அமைத்தது. இன்றும் அடிப்படை அதுவே.

வில்லின் இயல்பை 1678-இல் ராபர்ட் ஹுக் வெளியிட்ட விதி விளக்குகிறது: வில் எவ்வளவு அமுங்குகிறதோ, அதற்கேற்ற விகிதத்தில் எதிர்விசை பெருகும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்கிட்டுக் காட்டலாம். மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன் விறைப்புள்ள வில்லை, பொருத்தும்போதே 30 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால், அதில் 180 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 18 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை, முன்னரே தங்கியிருக்கும். இதுவே முன்னழுத்தம். நீளமான புதிய வில்லுடன், அதன் மேலிருந்த பழைய இடைக்குழாயையும் வெட்டாமல் வைத்துவிட்டால் முன்னழுத்தம் மிகுந்துவிடும். சவாரி செய்பவர் அமர்ந்தும் கவை போதிய அளவு தாழாது. ஒவ்வொரு மேட்டையும் கடந்தவுடன் முழுமையாக நீண்டு, உள்தடையில் மோதி ஒலிக்கும்.

சவாரி செய்பவரின் எடையால் வண்டி தாழும் அளவு, மொத்த நகர்வில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவழக்கு. 2016-இல் வெளிவந்த ராயல் என்பீல்டு ஹிமாலயனின் முன்கவை 200 மில்லிமீட்டர் நகரும். ஆகவே தாழ்வு 50 முதல் 66 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஓர் அளவுகோலும் உடனிருக்கும் ஒருவரும் இதனை அளக்கப் போதும்.

ஒலியின் பிறப்பிடத்தைக் கீழ்க்கண்ட ஒழுங்கில் தேடுக.

முதலாவதாக, சேலைக் காப்பு, எண் பலகை, மட்கார்டு, சைலன்சர் ஆகியவற்றின் திருகுகளைச் சோதிக்கவும். சட்டத்தின் வழியே ஒலி பரவுவதால் காது எளிதில் ஏமாறும்.

இரண்டாவதாக, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கவும். கைப்பிடித் தண்டின் கழுத்தில் விரலை வைத்தால், அங்குள்ள கோன்செட் தளர்ந்திருப்பின் அசைவு தெரியும். இது உடனே சரிசெய்யத்தக்க அபாயக் குறை. கழுத்து உறுதியாயிருந்தும் கவைக் குழாய்களில் ஆட்டம் தெரிந்தால், உட்புற புஷ் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவதாக, பின்புற ஷாக் அப்சார்பரின் கண்துளையையும் போல்ட்டையும் ஒப்பிடுக. துளை பெரிதாயின், உரிய உலோக உறை இன்றி இறுக்குவதால் பயனில்லை. “கிரீச்” என்னும் ஒலி, உலர்ந்த அச்சையோ ரப்பர் புஷ்ஷையோ காட்டும். ரப்பருக்குச் சிலிக்கோன் மசகே ஏற்றது. கனிம எண்ணெய் மசகு இயற்கை ரப்பரை உப்பச் செய்யும்.

எண்ணெய் துளை வழியே செல்லும் மெல்லிய சீறல் இயல்பானது. ஆயின் கவையில் எண்ணெய் கசிந்தால் தணிப்பு குன்றும். பிரேக்கின்மீது படிந்தால் வண்டி நிற்காமலும் போகலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அதே வேகத்தடையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் குறித்து வைக்கவும். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் காரணம் எதுவென்று விளங்காது. இறுக்கும் அளவுகளுக்குத் தயாரிப்பாளரின் கையேட்டையே பின்பற்றுக.

இரண்டு எச்சரிக்கைகள்: முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி நிறுத்தாமல் கவையின் மேல்மூடியைக் கழற்றலாகாது, வில்லின் விசையால் அது தெறித்தெழும். உயரழுத்த நைட்ரஜன் நிரப்பிய ஷாக் அப்சார்பரைச் சொந்தமாகத் திறக்கவே கூடாது. அது தேர்ந்த பட்டறையின் பணி.