அநுராதபுரத்துச் சிலுவை

கிறித்தவம் 1505ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரோடுதான் இலங்கைக்கு வந்தது என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். அநுராதபுரத்தில் 1912ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட கற்றூண் துண்டமொன்று அவ்வெண்ணத்தை மீளவும் ஆராயத் தூண்டுகின்றது. அதிற் குடைந்து செதுக்கிய சிலுவையொன்று காணப்படுகின்றது.

அதனையும் போர்த்துக்கேயர் காலத்ததென்றே சிலர் முதலிற் கருதினர். ஆயின், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், இத்தீவிற் பாரசீகக் கிறித்தவரின் சபையொன்று இருந்ததென்றும், அதன் குருவானவர் பாரசீகத்தில் நியமனம் பெற்றவரென்றும் குறித்துள்ளார். இச்சிலுவை அச்சபையாரதே என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு.

அதன் வடிவமும் இதற்குச் சான்றாகின்றது. இயேசுவின் உருவம் அதில் இல்லை. கைகள் நுனியை நோக்கி விரிகின்றன. கீழே படியமைந்த பீடம். அடியிலிருந்து இருபுறமும் இலைகள் எழுந்து வளைகின்றன. சென்னைப் பரங்கிமலையிலுள்ள பகலவி எழுத்துச் சிலுவையும் இவ்வினத்ததே.

இலைகள் உணர்த்துவது யாது? கொலைக் கருவியான மரமே உயிர் தரும் மரமாகத் துளிர்த்தது என்பதே. கீழைத்திசைக் கிறித்தவர் சிலுவையில் துன்பத்தினும் மேலாக உயிர்ப்பையே கண்டனர்.

அச்சபை மறைந்தது. ஆயினும், பௌத்தம் தழைத்த தலைநகரிற் பிறநாட்டார் வழிபாட்டுக்கும் இடமிருந்ததென்பதை அக்கல் இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது.