ஜாமீன் கேட்காத பணம்

பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரே வரிசைதான். தாத்தா பின்னி மில்லுக்கோ கோலார் தங்கவயலுக்கோ பிழைக்க வந்தார். அப்பா எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ரயில்வே என்று ஒரு நிரந்தரச் சம்பளத்தில் உட்கார்ந்தார். பிள்ளை என்ஜினீயரிங் படித்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. இப்போது அந்தப் பிள்ளை, வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்குகிறேன் என்கிறான். முதலுக்கு எங்கே போவாய் என்று கேட்டால் 'வென்ச்சர் கேபிடல்' வாங்குவேன் என்கிறான்.

ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விவேக் நகரிலும் நம்மவர் வீடுகளில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. அதன் பொருள்தான் பலருக்கும் தெளிவாகவில்லை. என் அலுவலகத்தில் ஒரு மூத்தவர் இருக்கிறார். ரிட்டயராக இன்னும் பதினோரு மாதம். கையிலிருந்த கோப்பை மூடிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீங்க பேப்பருக்கு எழுதறவரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவு? வீட்டுப் பத்திரத்தை வைக்கச் சொல்வானா?"

"வட்டியும் இல்லை, பத்திரமும் வேண்டாம் அண்ணே" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி வருவதற்குப் பதில் சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம்தான்.

வட்டி இல்லை, பங்கு உண்டு

வங்கி கொடுப்பது கடன். தொழில் ஓடினாலும் படுத்தாலும் மாதத் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் வாசலுக்கு ஆள் வரும். துணிகர மூலதனம் கடன் அன்று. பணம் போடுகிறவர் கம்பெனியின் பங்குகளை வாங்கிக் கொள்கிறார். கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும். யாரையும் கேட்க முடியாது. கம்பெனி வளர்ந்தால், பிற்பாடு அந்தப் பங்குகளைப் பல மடங்கு விலைக்கு விற்று வெளியேறுவார்.

அவரும் பெரும்பாலும் தன் சொந்தப் பணத்தைப் போடுவதில்லை. ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டுக் கம்பெனிகள், செல்வந்தர்கள் ஆகியோரிடம் திரட்டிய நிதியை நிர்வகிக்கிறார். பத்து ஆண்டுகளுக்குள் அதை லாபத்தோடு திருப்பித் தர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது வழக்கம். பத்துக் கம்பெனியில் போட்டால் பாதிக்குமேல் தேறாது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தேறுகிற ஒன்றிரண்டு மற்ற எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். ஆகவே அவர் தேடுவது நன்றாக நடக்கும் கடையை அன்று. பத்து வருடத்தில் நூறு மடங்காகக் கூடிய கடையையே அவர் தேடுகிறார்.

இதற்கு வழிகாட்டியது அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1946-ல் தொடங்கிய ஒரு நிறுவனம். அதன் தலைவர் ஜார்ஜ் டோரியோ, பிரான்சில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். அந்த நிறுவனம் 1957-ல் இரண்டு இளம் என்ஜினீயர்களிடம் 70,000 டாலர் கொடுத்து, அவர்களுடைய கம்பெனியில் சுமார் 70 சதவீதப் பங்கை எடுத்துக் கொண்டது. அந்தக் கம்பெனிதான் பிற்பாடு கம்ப்யூட்டர் உலகில் கொடிகட்டிப் பறந்த டிஜிட்டல் எக்விப்மெண்ட். 70,000 டாலர், பதினைந்து ஆண்டுகளுக்குள் பல நூறு மில்லியன் டாலராகப் பெருகியது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இன்றும் தேடுவது இப்படி ஒன்றைத்தான்.

பெங்களூரில் ஒரு ஷெட்டில்

நம் நாட்டில் இந்த எண்ணம் 1970-களிலேயே வந்துவிட்டது. சிறு, நடுத்தரத் தொழில்முனைவோர் பற்றி ஆராய்ந்த பட் கமிட்டி இதைப் பேசியது. 1975-ல் ஐ.எப்.சி.ஐ. நிறுவனம் இதற்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. 1988-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு துணிகர நிதிக் கம்பெனியையே தொடங்கின. ஆனால் இது எப்படி வேலை செய்யும் என்பதற்குக் கமிட்டிகளைவிட இந்த ஊரிலேயே நடந்த ஒரு கதை மேல்.

கிரண் மஜும்தார் என்ற 25 வயதுப் பெண், 1978-ல் வாடகை வீட்டின் கார் ஷெட்டில் 10,000 ரூபாய் முதலுடன் பயோகான் கம்பெனியைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் பீர் காய்ச்சும் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். பெண் என்பதால் மதுத் தொழிற்சாலையில் அந்த வேலை கிடைக்கவில்லை. அயர்லாந்துக் கம்பெனி ஒன்றின் கூட்டுடன், பப்பாளிப் பாலிலிருந்து நொதிப்பொருள் எடுத்து ஏற்றுமதி செய்தார். வங்கிகளுக்குத் தொழிலும் புரியவில்லை, பெண்ணை நம்பவும் மனம் வரவில்லை. தகப்பனாரை ஜாமீன் போடச் சொன்னவர்களும் உண்டு என்று அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். நம் வீட்டுக் கதை போலவே இருக்கிறதல்லவா? எப்படியோ ஒரு வங்கிக் கடன் கிடைத்துத் தொழில் ஓடத் தொடங்கியது.

அடுத்த கட்டம்தான் கவனிக்கத்தக்கது. தவிடு போன்ற ஈரப்பொருளின்மேல் நுண்ணுயிரை வளர்த்து நொதிப்பொருள் எடுக்கும் முறையைத் தாமே உருவாக்கிப் பெரிதாக்க விரும்பினார். இதற்கு எந்த வங்கியும் கடன் தராது. ஆராய்ச்சி பலிக்குமா என்பது யாருக்குத் தெரியும்? பலிக்காவிட்டால் ஏலம் விட என்ன இருக்கிறது, தவிட்டுத் தட்டுகளா? 1987-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவர் நாராயணன் வாகுள் ஆதரவில், சுமார் இரண்டரை லட்சம் டாலர் துணிகர நிதியாகக் கிடைத்தது. வாகுள் சென்னை லயோலா கல்லூரியில் படித்து ஸ்டேட் பாங்கு அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், 2024-ல் காலமானார். அடமானம் பார்த்தே பழகிய வங்கித் துறையில் வளர்ந்த ஒருவர், அடமானம் இல்லாத பணத்துக்கு வழி திறந்தார் என்பதை நம்மவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2004-ல் பயோகான் பங்குகள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டபோது 33 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. முதல் நாளிலேயே கம்பெனியின் சந்தை மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. ஷெட்டில் தொடங்கி 26 ஆண்டுகள். இந்த 26 என்ற எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அவர்கள் மூன்று ஆண்டு என்று கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

காகிதத்தில் இருக்கும் கணக்கு

மூத்தவருக்கு டீ டம்ளரை ஓரமாக வைத்து ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். பையனும் அவன் நண்பனும் கம்பெனி தொடங்குகிறார்கள். ஒருவர் 2 கோடி ரூபாய் போட்டு 20 சதவீதப் பங்கு கேட்கிறார். அப்படியானால் பணம் வந்தபிறகு கம்பெனியின் மதிப்பு 10 கோடி. பேப்பரில் செய்தி வரும், உறவினர்கள் போன் செய்வார்கள். பையன்கள் இருவரிடமும் சேர்த்து இருப்பது 80 சதவீதம். அடுத்த ஆண்டு இன்னொருவர் பணம் போட்டு 20 சதவீதம் எடுத்தால் 80 என்பது 64 ஆகும். மூன்றாவது தடவை 51.2. ஆளுக்கு 25.6. ஊழியர்களுக்கென்று ஒதுக்கும் பங்கு இதிலும் குறையும். இந்த ஊரில் 2007-ல் தொடங்கிய பிளிப்கார்ட்டை 2018-ல் வால்மார்ட் வாங்கியபோது, தொடங்கிய இரு நண்பர்களிடமும் ஏறக்குறைய ஆளுக்கு ஐந்து சதவீதமே மிஞ்சியிருந்தது. அந்த ஐந்தே பெரும் செல்வம் என்பது வேறு விஷயம். எல்லாக் கம்பெனியும் பிளிப்கார்ட் ஆவதில்லை.

இன்னொரு ஷரத்து இருக்கிறது. பணம் போடுகிறவர் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. கம்பெனியை விற்கும்போது அவர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் உண்டு. மேற்படி 10 கோடி மதிப்புள்ள கம்பெனி நொடித்து 3 கோடிக்கு விலை போனால், 20 சதவீதப்படி அவருக்கு 60 லட்சம்தானே வர வேண்டும்? இல்லை. அவர் 2 கோடியை எடுத்துக்கொள்வார். மீதி 1 கோடிதான் மற்ற எல்லோருக்கும். சில ஒப்பந்தங்களில் அந்த 1 கோடியிலும் 20 சதவீதம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் அன்றைக்கு இதைப் படிக்கிறவர்கள் குறைவு. நம் கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரத்தைக்கூட நாம் இரண்டு தடவை படிக்கிறோம்.

இயக்குநர் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டு. பெரிய முடிவுகளுக்கு அவர்கள் சம்மதம் வேண்டும். தொடங்கியவர் நாலு வருடம் இருந்தால்தான் அவருடைய பங்கு முழுவதும் அவருக்கு உறுதியாகும் என்றும் எழுதிக்கொள்வார்கள். ஆகவே "யாருக்கும் கைகட்டி நிற்க மாட்டேன்" என்று வேலையை விடுகிற பையன், வேறு ஒருவர் முன்னால் நிற்கப் போகிறான் என்பதே உண்மை.

எல்லாத் தொழிலுக்கும் இந்தப் பணம் ஒத்தும் வராது. மெஸ், லேத் பட்டறை, தையல் யூனிட் இவை நல்ல தொழில்கள்தாம், ஆனால் நூறு மடங்கு ஆகா. இவற்றுக்கு 2015 முதல் முத்ரா கடன் இருக்கிறது; சிறு தொழிலுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்க 2000-ல் ஏற்படுத்திய உத்தரவாத நிதியும் இருக்கிறது. கர்நாடக அரசின் 'எலிவேட்' திட்டம், இம்மாநிலத்தில் பதிவான புதுத் தொழில்நுட்பக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து 50 லட்சம் ரூபாய் வரை மானியமாகவே தருகிறது. மத்திய அரசு 2016-ல் அறிவித்த 10,000 கோடி நிதியைப் பற்றி ஆபீசில் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அது நேராகக் கம்பெனிகளுக்கு வருவதில்லை. சிட்பி மூலமாகத் துணிகர நிதிகளுக்குப் போய், அவர்கள் வழியாகத்தான் வரும். யாரிடமும் கைநீட்டாமல் தொழில் வருமானத்திலேயே வளரலாம் என்பதற்கும் நம்மவரே சாட்சி: ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் தொடங்கி ஜோஹோவாக வளர்த்த நிறுவனம் துணிகர மூலதனம் வாங்கியதில்லை.

மறுபுறம் திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம். சென்னையில் 2010-ல் தொடங்கிய பிரஷ்வொர்க்ஸ், 2011-ல் 10 லட்சம் டாலர் துணிகர நிதி பெற்றது. 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஏறியது. கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று அப்போது அவர் தெரிவித்தார். ஆனால் 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு மறு வருடமே பாதிக்கும் கீழே இறங்கியது. பெங்களூரின் பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பில் இருந்தது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. தொடங்குகிறவர்களைவிட இத்தகைய கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள்தாம் அதிகம். சம்பளத்தைக் குறைத்துப் பங்கு தருகிறோம் என்றால், அது எத்தனை வருடத்தில் கைக்கு வரும், என்ன விலையில் வரும், வாங்கும்போது வரி எவ்வளவு என்று கேட்டே சேர வேண்டும். விற்க ஆள் இல்லாத பங்குக்கும் வரி வரக்கூடும்.

அப்பா போடும் கையெழுத்து

இனி மூத்தவருடைய விஷயம். பையன் பணம் கேட்கவில்லை. "அப்பா, பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ரெண்டு டைரக்டர் வேணும். பேருக்குத்தான். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறான். நண்பன் இன்னும் வேலையை விடவில்லையாம்.

இங்கேதான் ரயில்வே நண்பர்கள் நிதானிக்க வேண்டும். ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், 1966-ன்படி, முன் அனுமதி இல்லாமல் நாம் வியாபாரத்தில் ஈடுபடவோ கம்பெனியைப் பதிவு செய்வதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்ளவோ கூடாது. குடும்பத்தில் ஒருவர் தொழில் நடத்தினால் அதையும் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரிட்டயராகப் பதினோரு மாதம் இருக்கையில் ஒரு சார்ஜ் ஷீட் வந்தால் செட்டில்மெண்ட் என்ன கதியாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மா பெயரைப் போடலாம் என்பது அடுத்த யோசனை. பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கம்பெனியின் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கலாகாவிட்டால், டைரக்டராக இருப்பவர் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார். 2017-ல் இவ்வாறு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் தகுதி நீக்கப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளைக்காகவும் மைத்துனனுக்காகவும் கையெழுத்துப் போட்டவர்களோ!

மூத்தவர் வீட்டில் முடிவு இப்படியாயிற்று. பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. பையன் ஓர் ஆண்டு வீட்டிலேயே சாப்பிட்டு, வாடகை தராமல், நண்பன் வேலையை விட்டு வந்து டைரக்டர் ஆகும்வரை பொருளைத் தயார் செய்கிறான். "அதுவும் முதல்தானே தம்பி, ஒரு வருஷச் சாப்பாடு?" என்றார். அதற்கு அவர் பங்கு கேட்கவில்லை.

இதுபோன்ற கம்பெனியில் சேரவோ பணம் போடவோ உத்தேசிப்பவர்களுக்கு ஒரு தகவல். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டணம் செலுத்தினால், பதிவான எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கு, டைரக்டர்கள், வெளியிட்ட பங்குகள் முதலிய பத்திரங்களையும் பார்க்கலாம். பெங்களூர்க் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் கோரமங்கலா கேந்திரிய சதனில் இருக்கிறது.