கைடு மட்டுமே பல்கலைக்கழகம் அல்ல

ராயபுரத்துக்கு ரயில் 1856இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அதற்கு அடுத்த ஆண்டு, 1857 செப்டம்பர் 5 அன்று பிறந்தது. ஓராண்டு முந்திக்கொண்ட வடசென்னைக்குத் துறைமுகம், தொழிற்சாலைகள், அனல்மின் நிலையங்கள் எல்லாம் கிடைத்தன. பல்கலைக்கழகமோ சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று தெற்கே பார்த்தே வளர்ந்தது. எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ இருந்துகொண்டு முதுகலைக்கு மேல் படிக்க நினைப்பவர், தன் படிப்பைத் தீர்மானிக்கும் அலுவலகத்தைப் பார்க்க விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்க வேண்டும்.

வடக்கே கல்லூரிகள் இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950 முதல் இயங்குகிறது. பிராட்வேயில், பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில், பாரதி மகளிர் கல்லூரி 1964இல் வந்தது. வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இங்கே எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் பதிவு செய்பவர்களில் பலருக்கு, வீட்டில் விவரம் கேட்க ஆள் கிடையாது. அண்ணன் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறார், அம்மா மீன் விற்கிறார். அதனால் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், சொல்வதே சட்டம் என்ற நம்பிக்கை சுலபமாக வந்துவிடுகிறது. முதுகலை, ஆராய்ச்சி மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குவது இங்கேதான்.

யார் எதைச் செய்கிறார்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்கலாம். பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அப்போதும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். பல்கலைக்கழகத்துக்குள் கல்வி சார்ந்த விதிகளை அகாடமிக் கவுன்சில் வகுக்கிறது, நிர்வாக முடிவுகளை சிண்டிகேட் எடுக்கிறது, செனட் என்ற பேரவை இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்கிறது. பல்கலைக்கழகம் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளலாம். அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க முடியாது. கைடு இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்? பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஒரு பொறுப்பாளராக. அவ்வளவுதான்.

மேலே நடக்கும் குழப்பம் கீழே மாணவரின் சான்றிதழ் வரை இறங்கும் என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. புதியவரைத் தேடும் குழுவை யார் அமைப்பது என்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. 2024 செப்டம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவில், துணைவேந்தர் கையெழுத்திட வேண்டிய பட்டச் சான்றிதழ்களில் உயர்கல்வித் துறைச் செயலரின் கையெழுத்து இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. இதில் மாணவர் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனால் வெளிநாட்டு அனுமதிக்கோ வேலைக்கோ சான்றிதழ் கேட்டு வரிசையில் நின்றவர் அவர்தான்.

முனைவர் பட்டத்தைப் பற்றிய இப்போதைய மத்திய விதிகள் 2022 நவம்பர் 7 அன்று வெளியானவை. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டிய ஆவணம் இது. பதிவு செய்யும் நாளிலேயே அதைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் பாதிப் புகார்கள் வராது. முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் சேரலாம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதம் தளர்வு உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தர இடமுண்டு. திருமணமாகி வேறு ஊருக்குப் போனால், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் விதி வழிவிடுகிறது. "கல்யாணம் ஆயிடுச்சா, அப்ப ரிசர்ச்சை விட்டுடும்மா" என்று யாராவது சொன்னால், அது சொல்பவரின் சொந்தக் கருத்து.

கைடுக்கும் கணக்கு இருக்கிறது. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. சேர்வதற்கு முன்பு இந்த இரண்டையும் விசாரித்துக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது. கைடு பாதியில் ஓய்வுபெற்று, அடுத்தவர் கிடைக்காமல் இரண்டு ஆண்டை இழந்தவர்கள் எந்தத் துறையிலும் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வாளர் தன் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். மாணவர்கள் பேச்சில் இது டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங். பலர் இதை ஒரு சடங்காக நினைத்து, கைடு நீட்டும் தாளில் கையெழுத்திட்டு வந்துவிடுகிறார்கள். கைடுக்கு வெளியே இருக்கும் பேராசிரியர்கள் மாணவரை நேரில் பார்க்கும் இடமே அதுதான். "அத்தியாயத்தைக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, திருத்தம் வரவில்லை" என்பதை அங்கே பணிவாகச் சொல்லி, கூட்டக் குறிப்பில் ஏற வைத்தால் பிற்பாடு அது ஆவணம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும், வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். இந்த மொத்த வேலையையும் ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது விதி. கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேட்டை வாங்குவோம் என்ற பழைய மத்திய நிபந்தனை 2022 விதிகளில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் போலி ஆய்விதழ்களுக்கு இனிப் பணம் கட்டும் முன், தன் பல்கலைக்கழகத்தின் விதி அதைக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வைவா என்றதும் பணம் நினைவுக்கு வருவது வெட்கக்கேடு. ஆனால் வருகிறது. 2024 அக்டோபரில் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா மேடையில், முனைவர் பட்டம் வாங்க ஏறிய ஆய்வாளர் ஒருவர் ஆளுநர் கையில் மனு ஒன்றைக் கொடுத்தார். நெறியாளர்கள் சிலர் மாணவர்களை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள், வைவாவுக்குப் பணம் கேட்கிறார்கள் என்பது அவர் புகார். பட்டம் கைக்கு வரும் நாள் வரை காத்திருந்துதான் அவர் அதைச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்வாளர்களுக்கான செலவைப் பார்த்துக்கொள்வது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. விருந்து, பட்டுச் சேலை, கவர் எல்லாம் எந்த விதியிலும் கிடையாது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் வடசென்னையில் ஏராளம். மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்டு முடித்துவிட்டு நூலகம் போகிறவர்கள். பகுதிநேர முனைவர் படிப்புக்கு அனுமதி உண்டு. வேலை கொடுப்பவரிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு அது கிடைத்துவிடும். ஒப்பந்தக்காரரின் கீழ் இருப்பவருக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற தகராறு வரும், ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் பேசிக்கொண்டிருக்கவே தேவையில்லை. அதற்கு அனுமதி இல்லை. எம்.ஃபில். படிப்பும் முடிந்த கதை. அதில் மாணவர்களைச் சேர்க்க வேண்டாம், சேரவும் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் யுஜிசி மறுபடி எச்சரித்தது. முன்பே முறையாக வாங்கியவர்களின் எம்.ஃபில். செல்லும்.

தொலைநிலையில் எம்.ஏ. படிப்பது வேறு விஷயம், அது சட்டப்படியானது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்த ஆண்டு என்ற மூன்றுக்கும் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்க வேண்டும். 2022 மார்ச்சில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரையில்தான் அங்கீகாரம் என்று யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது தமிழ்நாடு முழுக்கப் படித்தவர்கள் திகைத்தார்கள். அத்தனை பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால், தெருமுனைப் படிப்பு மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இன்னொன்று: பத்தாவது, பன்னிரண்டாவது, இளங்கலை என்ற வரிசையில் வராமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இலேயே அரசாணை போட்டாகிவிட்டது. இது தெரியாமல் பணம் கட்டியவர்கள் பிறகு தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

போலிப் பட்டத்துக்கு அளவும் கிடையாது, கூச்சமும் கிடையாது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தையே வாடகைக்கு எடுத்து, தனியார் அமைப்பு ஒன்று 'கௌரவ டாக்டர்' பட்டங்களை அள்ளிக் கொடுத்தது. இசையமைப்பாளர் தேவாவும் நடிகர் வடிவேலுவும் அதை வாங்கியவர்கள் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் போலீசுக்குப் போனது. 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி, சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகமோ, நிகர்நிலை அந்தஸ்து பெற்றதோ, நாடாளுமன்றம் அதிகாரம் தந்த நிறுவனமோதான் பட்டம் தரலாம். மீறினால் அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. ஆயிரம்தான்! இதைவிட டிராபிக் போலீசுக்குப் பயப்படலாம்.

ஆய்வேட்டில் காப்பியடிப்பது பற்றி 2018 விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்திக் கொடுக்க ஆறு மாத அவகாசம். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பிராட்வே பக்கம் டைப்பிங் சென்டரில் "முழுசா முடிச்சுத் தர்றோம் சார்" என்று பேரம் பேசுபவருக்கு இந்த எண்கள் பொருந்தாது; தலைவலி முழுக்க மாணவருக்கே.

வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் முதுகலை படிக்கும் மருத்துவர்களுக்கு வேறு குடை. அவர்களின் பட்டம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடையது, விதி தேசிய மருத்துவ ஆணையத்துடையது. நியாயமான பணி நேரம், ஓய்வுக்கு நேரம், வாரம் ஒரு விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு என்று ஆணையத்தின் 2023 முதுகலை விதிகள் சொல்கின்றன. 'பணியின் அவசரத்துக்கு உட்பட்டு' என்ற வாலும் வார விடுமுறைக்கு உண்டு. கூட்டம் குறையாத ஆஸ்பத்திரியில் அந்த வால் உடம்பைவிட நீளமாகிவிடும்.

சரி, தகராறு வந்தால் எங்கே போவது? 2023 ஏப்ரலில் வந்த யுஜிசியின் மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது, கட்டணத்தைத் திருப்பித் தராதது, தேர்வு முடிவைத் தாமதப்படுத்துவது, உதவித்தொகையை இழுத்தடிப்பது, பாகுபாடு காட்டுவது எல்லாம் இங்கே வரும். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பெர்சன் என்ற குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருப்பார். இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 2024 ஜூனில், அப்படி ஒருவரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசியே வெளியிட்டது.

பாலியல் தொல்லை என்றால் குறைதீர்ப்புக் குழுவுக்குப் போகக் கூடாது, உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். போலீசுக்கும் தனியாகப் போகலாம்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டோடு நிற்க வேண்டியதில்லை. தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஆய்வேடு யாருக்குப் போயிருக்கிறது என்று பெயர் கேட்டால் தரமாட்டார்கள். தேர்வாளருக்கு அனுப்பிய தேதி, அறிக்கை வந்த தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். கோப்பு மேசையில் தூங்கினால், தேதி கேட்கும் மனு அதை எழுப்பும்.

இவை எல்லாம் பலிப்பது காகிதம் கையில் இருந்தால்தான். கைடிடம் வாட்ஸ்அப்பில் பேசியதை மின்னஞ்சலிலும் ஒருமுறை எழுதிவிடுவது, கட்டிய கட்டணத்தின் ரசீது, டி.சி. மீட்டிங் குறிப்பின் நகல், கொடுத்த மனுவில் அலுவலக முத்திரையோடு தேதி. "முத்திரை எல்லாம் போட மாட்டோம், வச்சுட்டுப் போங்க" என்றால் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

எதுவும் நடக்காதபோது உயர் நீதிமன்றம் இருக்கிறது. பாரதி மகளிர் கல்லூரியிலிருந்து அது நடக்கும் தூரம். ராயபுரத்துக்காரருக்குச் சேப்பாக்கத்தைவிடப் பக்கம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்குபவர்கள், வடக்குக் கோட்டைச் சாலையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.