தொட்டதைப் பதிவு செய்யும் கையுறை

விரல் நுனிகளை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, ஒருவரைத் தீக்குச்சி கொளுத்தச் சொன்னால் என்ன ஆகும்? கண் தெரிகிறது, தசையிலும் குறை இல்லை. ஆனாலும் குச்சி நழுவி விழுகிறது. பெட்டியை வெகுநேரம் தடவ வேண்டியிருக்கிறது. சுவீடன் நரம்பியலாளர் ரோலண்ட் ஜோஹான்சன் செய்துகாட்டிய சோதனை இது. உள்ளங்கைப் பக்கத் தோலில் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. பொருள் இம்மியளவு வழுக்கினாலும் அவை மூளைக்குச் சொல்லிவிட, பிடி தானாக இறுகுகிறது.

இயந்திரக் கைக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், மனிதக் கை எங்கே, எவ்வளவு அழுத்துகிறது என்ற கணக்கு வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் சுப்ரமணியன் சுந்தரமும் குழுவினரும் 2019இல் ‘நேச்சர்’ இதழில் அறிமுகப்படுத்திய கையுறை அந்தக் கணக்கை எடுக்கிறது.

சாதாரணப் பின்னல் கையுறைதான். அதன்மேல் மெல்லிய பாலிமர் படலம். அழுத்தினால் அதன் மின்தடை மாறும். மின்சாரம் கடத்தும் நூல்கள் படலத்தின் இருபுறமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உணரி. மொத்தம் 548. பொருட்செலவு சுமார் 10 டாலர்.

கையுறை அணிந்து ஒரு கோப்பையைத் தூக்கினால், திரையில் உள்ள கையின் படத்தில் புள்ளிகள் தோன்றுகின்றன. அழுத்தம் கூடக்கூடப் புள்ளி பெரிதாகிறது. பிடி தளர்ந்தால் சுருங்குகிறது.

கத்தரிக்கோல், பேனா, டென்னிஸ் பந்து என 26 பொருள்களைக் கையாண்டு சுமார் 1,35,000 தொடு வரைபடங்கள் திரட்டப்பட்டன. இவற்றைப் படித்த செயற்கை நரம்பு வலைப்பின்னல், படம் எதையும் பார்க்காமல், தொடுகையை மட்டும் வைத்து 76 சதவீதம் வரை சரியாகப் பொருளை அடையாளம் கண்டது. ஒரே ஒரு பிடி போதவில்லை. இருட்டில் நாம் ஒரு பொருளைப் புரட்டிப் பார்ப்பதுபோல, வெவ்வேறு பிடிகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் துல்லியம் கூடியது. தூக்கும்போது பதிவான அழுத்தத்தைக் கொண்டு, பெரும்பாலான பொருள்களின் எடையை 60 கிராம் வித்தியாசத்துக்குள் சொல்லிவிட்டது.

கையின் எந்தெந்தப் பகுதிகள் கூட்டாக வேலை செய்கின்றன என்பதும் இதில் தெரியவந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியால் பிடிக்கும்போது கட்டைவிரல் கட்டாயம் துணைக்கு வருகிறது. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவைப் பயன்படுத்தும்போது கட்டைவிரலுக்கு அவ்வளவாக வேலை இல்லை. செயற்கைக் கை செய்பவர்கள் உணரிகளை எங்கே பொருத்துவது என்று முடிவுசெய்ய இந்தத் தகவல் உதவக்கூடும்.