பொங்கும் பிளாஸ்மாவில் ஒரு கை பனிக்கட்டி

பால் பொங்கி வந்தால் அடுப்பை அணைத்துப் பயனில்லை என்பது சமையலறையில் நிற்பவர்களுக்குத் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்தால்தான் அடங்கும். தெற்குப் பிரான்சின் கடராஷில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலைக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம்தான்.

உலை வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் எரிபொருளே சில கிராம்தான். ஆபத்து சுவருக்கு. 15 கோடி டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பிளாஸ்மாவை (மின்னேற்றம் பெற்ற வாயு) காந்தப்புலம் சுவரில் படாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது. பிடி திடீரெனக் குலைந்தால், ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் சில மில்லிநொடிகளில் வெளியே பாயும். மொத்தச் சுவரிலும் பரவிப் பாய்ந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் இறங்கினால், உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை கொண்ட டங்ஸ்டன்கூட (3,422 டிகிரி) உருகிவிடும்.

ஆகவே குலைவின் அறிகுறி தெரிந்ததும் பனிக்கட்டியை எறிவார்கள். ஹைட்ரஜனும் நியானும் கலந்து உறைந்த உருளை அது. விட்டம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். அதிஅழுத்த வாயு அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் செலுத்தும். முழுசாகப் போனால் பிளாஸ்மாவைத் துளைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் போய் மோதலாம். காக்க வந்ததே சுவரைக் கெடுத்த கதையாகிவிடும். அதனால் குழாயின் நுனியை வளைத்து வைத்திருக்கிறார்கள். வளைவில் மோதி நொறுங்கி, தூளாகவே உள்ளே தெறிக்கும். எளிமையான யோசனை, எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே மிகப் பிடித்தது இந்த வளைவுதான்.

விளம்பர விளக்குகளில் ஒளிரும் அதே நியான், பிளாஸ்மாவின் வெப்பத்தை ஒளியாக்கி எல்லாத் திசைக்கும் வீசிவிடுகிறது. ஹைட்ரஜனின் வேலை வேறு. குலைவின்போது குளிர்ந்த பிளாஸ்மாவில் மின்னோட்டம் சரியும். அப்போது எழும் மின்புலம் சில எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்குமளவு விரட்டும். இந்தத் தறிகெட்ட எலக்ட்ரான்கள் கற்றையாகிச் சுவரைத் துளைத்துவிடும். ஹைட்ரஜன் தூள் பிளாஸ்மாவின் அடர்த்தியைக் கூட்டி, அவை வேகமெடுக்கும் முன்பே முட்டிமோதித் தளரச் செய்கிறது. ஆனால் ஒருமுறை கற்றை உருவாகிவிட்டால் அடக்குவது கடினம்.

இங்கிலாந்தின் ஜெட் என்ற இணைவு உலையிலும் இந்தப் பனிக்கட்டிச் சோதனை நடந்தது. 2023 டிசம்பரில் அந்த உலையை மூடும்போது, கடைசி ஓட்டத்தில் எலக்ட்ரான் கற்றையை வேண்டுமென்றே உட்சுவரின் மீது திருப்பிவிட்டார்கள், எவ்வளவு சேதம் ஆகிறது என்று பார்க்க.