மாதாகோயில் முற்றத்தில் செயற்கைப் புல்

இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் பிரதேசம், ஒரு தலைமுறைக்கு முன்பு வரையில் ஏரிகளையும் அவற்றின் பாசனத்தில் விளைந்த நெல்லையும் நம்பி ஜீவித்துக்கொண்டிருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, அது படிப்படியாக ஷிஃப்ட் நேரத்தை அனுசரித்து விழித்து உறங்கும் பூமியாகிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய ராஜ்யங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதிக் கோயில்களில் ஞாயிறு பூசைக்குக் கூடுகின்றன. கோடையில் புழுதியும் ஐப்பசி கார்த்திகையில் சேறுமாக இருக்கும் முற்றத்தைப் பார்த்து, செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்களில் இரவு வெளிச்சத்தில் பந்தாடிப் பழகிய வாலிபர் எவரேனும், "ஃபாதர், இங்கேயும் அந்தப் புல்லையே போட்டுவிடலாமே" என்று பங்குத்தந்தையிடம் சொன்னால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கோயில் முற்றம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து சங்கிலியோடு வரும் நாய்கள் ஒருபுறமிருக்க, பங்குப் பதிவேட்டில் பெயரில்லாமலே எந்தப் பூசைக்கும் தவறாத தெருநாய்களும் உண்டு. ரொட்டித் துண்டைக் கவ்விய நாயோடு நிற்கும் ஆரோக்கியநாதருக்கு ஆகஸ்டு 16இல் திருவிழா எடுப்பவர்கள், மாட்டுப் பொங்கலை ஒட்டி ஜனவரி 17இல் வரும் வனத்து அந்தோணியாரைப் பிராணிகளின் பாதுகாவலராகப் போற்றுபவர்கள், நாயை வாசலோடு விரட்டுவது பொருத்தமாயிராது. ஆகவே புல் விரிப்பதானால், நாய்க்கும் ஏற்ற புல்லாக விரிக்க வேண்டும்.

இந்தப் புல் புகழ்பெற்றதே ஒரு தோல்வியால்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் கூரையிட்ட ஆஸ்ட்ரோடோம் என்ற அரங்கைத் திறந்தபோது, கண்ணாடி போன்ற கூரைத் தகடுகளின் கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று தகடுகளுக்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சமிழந்த புல் செத்துப்போயிற்று. மறு ஆண்டே மான்சாண்டோ கம்பெனியார் செய்த நைலான் புல் அங்கே விரிக்கப்பட்டது. 1976இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கியும் அத்தகைய தரைக்கு மாறியபோது, இயற்கைப் புல்லிலேயே வளர்ந்த நம்மவர்கள் ஏழாவது இடத்துக்கு இறங்கிய துக்கம் முதியவர்களுக்கு நினைவிருக்கும்.

அறுகம்புல்லின் மேல் நாய் சிறுநீர் கழித்தால், அதிலுள்ள நைட்ரஜன் அளவு மிகுந்து புல் வட்டவட்டமாகக் கருகும். எனினும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி வேருக்கு உணவாக்கிவிடுகின்றன. செயற்கைப் புல் கருகுவதில்லை. ஆனால் அந்த நைட்ரஜனை உண்ண அங்கே வேருமில்லை, மண்ணுமில்லை, ஆதலால் அம்மோனியா வீச்சமாகத் தங்கிவிடுகிறது. இதற்காகவே நாய் நடமாடும் இடங்களில் சாதாரண மணலுக்குப் பதிலாக, அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஜியோலைட் என்னும் கனிமத்தின் குருணைகளைப் புல்லிழைகளுக்கிடையே தூவுகிறார்கள். நாகப்பட்டினம் கடலோரத்து இறால் பண்ணைக்காரர்களும் குளத்து அம்மோனியாவைக் குறைக்க இதைத்தான் இறைக்கிறார்கள். உவர்நீரில் உள்ள உப்பு அம்மோனியாவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அங்கே இதன் வீரியம் வெகுவாகக் குறையும் என்பது வேறு விஷயம். அதே குணத்தால், நிரம்பிப்போன ஜியோலைட்டை உப்புநீரால் அலசினால் அது பிடித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு மறுபடியும் பயன்படத் தயாராகிறது.

புல்லைக் காட்டிலும் அதன் அடித்தளமே பிரதானம் என்பேன். மண்ணை வெட்டியெடுத்து, நன்றாகக் கெட்டித்து, ஜல்லியும் அதன்மேல் சிப்ஸும் பரப்பி, நூறு அடிக்கு ஓரடியாவது வாட்டம் கொடுத்து, அடிப்புறம் முழுதும் நீர் இறங்கக்கூடிய குட்டை இழைப் புல்லாகத் தேர்ந்து விரித்தாலன்றி, செம்பரம்பாக்கம் ஏரியின் பக்கத்து ஊர்களில் 2015 டிசம்பரைப் போன்ற மழை பெய்யும்போது விரிப்பு தெப்பமாக மிதக்கும். சிமெண்டுத் தரையின் மேலேயே ஒட்டிவிடலாம், செலவு மிச்சம் என்று சொல்பவர்களை நம்பலாகாது; மழைநீர் வடிந்தாலும் சிறுநீர் தங்கிவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை உஷ்ணம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் அளந்தபோது, வெயிலில் கிடந்த செயற்கைத் தரையின் சூடு 79 டிகிரி செல்சியஸ் இருந்ததாம். நீர் தெளித்ததும் 29க்கு இறங்கி, ஐந்தே நிமிஷத்தில் 49க்கு ஏறிவிட்டதாம். நமது கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதில் அதன்மேல் வெறும் பாதத்தோடு நிற்க வேண்டிய நாயின் கதியை யோசித்துப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வரும் நம் ஜனங்களின் பாதங்களுக்கும் அதே கதிதான்.

பழைய டயர்களை அரைத்த கறுப்புக் குருணையைப் புல்லினிடையே நிரப்பும் வழக்கமும் உண்டு. ஒரகடத்தில் அப்பல்லோ டயர் தொழிற்சாலை இருப்பதால் அது உள்ளூர்ச் சரக்கென்று தோன்றக்கூடும். ஆனால் கறுப்பு நிறம் சூட்டை இன்னும் கூட்டும், குருணை நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு வீடு வரை போகும், மழையில் ஏரிக்கும் போய்ச் சேரும். இத்தகைய குருணைகளின் விற்பனைக்கு ஐரோப்பிய யூனியன் 2023இல் தடை விதித்து, 2031 வரை அவகாசம் மட்டும் கொடுத்திருக்கிறது.

என் அபிப்பிராயத்தில், குருத்தோலைப் பவனியும் தேரும் போகும் பெருமுற்றத்தை மண்ணாகவும் அறுகாகவும் விட்டு, ஓரங்களில் புங்கை நட்டு, பிற்பகலில் கட்டடத்தின் நிழல் விழும் கீழ்ப்புறத்தில் மட்டும் ஒரு துண்டு செயற்கைப் புல் போட்டுக்கொள்வது உசிதம். புங்கை இலையுதிர்க்கும் மாதங்களில் கோயில்பிள்ளைக்கு விறைத்த பிரஷ்ஷும், தினந்தோறும் அலச எட்டுகிற தூரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும். விலை பேசும்போதே அவ்விரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.