புயலில் தொய்வாக நிற்கும் கம்பி

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கு அருகே கரையேறியபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் இருண்டன. கடலூர் மாவட்டம் கண்ட அப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் ஆர்வலர்கள் நடத்தும் ஹாம் வானொலி வேண்டும் என்கிறோம். செல்பேசி ஓய்ந்த பிறகும் ஒரு கார் பேட்டரியை வைத்துப் பேசிவிடலாம், ஆன்டெனா நின்றால். எது நிற்கும் என்றால் கனத்த குழாயும் இறுக்கமான கட்டும் என்றே பலருக்கும் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 90 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழுகிறது. காற்றுக்கு அரை சதுர மீட்டர் பரப்பைக் காட்டும் யாகி ஆன்டெனா, குழாயின் உச்சியில் 45 கிலோ பக்கச்சுமையாகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் 20 மீட்டர் நீளமுள்ள, இரு பக்கமும் கை விரித்ததுபோல் நீளும் டைபோல் ஆன்டெனாவின் கம்பிக்கோ மொத்தமே நாலு கிலோவைச் சற்றுத் தாண்டும். பிறகு ஏன் டைபோல்களும் அறுகின்றன? இழுத்துக் கட்டுவதால்தான். நடுவில் 20 சென்டிமீட்டர் தொய்வு மட்டும் இருந்தால், அந்த நாலு கிலோ முனைகளில் 50 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையாகப் பெருகும். ஒரு மீட்டர் தொய்வு விட்டால் 11 கிலோவோடு முடிந்துவிடும். முனையை மரத்தில் கட்டுபவர்கள் கப்பியும் எடைக்கல்லும் வைப்பதும் இதற்காகவே: மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும்.

பீங்கான் நொறுங்கும் பொருளாயிற்றே, அதைக் கம்பியின் முனையில் இன்சுலேட்டராக மாட்டலாமா என்ற சந்தேகம் செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் எழ வேண்டியதில்லை. பீங்கான் இழுத்தால் எளிதில் உடையும், அமுக்கினால் பல மடங்கு தாங்கும். மின்கம்பத்து ஸ்டே கம்பியில் தொங்கும் முட்டை இன்சுலேட்டர் இந்தக் குணத்தை அறிந்து செய்யப்பட்டது. இரண்டு கம்பி வளையங்களும் அதனுள் ஒன்றையொன்று கோத்து நிற்பதால் இழுவிசை முழுவதும் பீங்கானை அமுக்கவே செய்கிறது. அது நொறுங்கினாலும் வளையங்கள் பிரியாது. கம்பி தரையில் விழாது. வெயிலில் இற்றுப்போகும் பிளாஸ்டிக்கைவிட இது எவ்வளவோ மேல்.

தொய்ந்த கம்பி ஆடினால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் அளவு) மாறுமே என்பார்கள். 40 மீட்டர் அலைநீளத்துக்கு அந்த ஆட்டம் சிறிது, டியூனர் சமாளித்துவிடும். தாழ்வாகக் கட்டிய டைபோல் யாகிபோல் தொலைவு எட்டாது என்பது உண்மைதான். ஆனால் புயல் நாளில் நமக்கு வேண்டியது ஐரோப்பா அல்ல, சென்னை. தாழ்ந்த கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்ப, பகலில் அயனி மண்டலம் அதைச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் திருப்பி இறக்கும். இரவில் 80 மீட்டர் அலைவரிசைக்கு மாற வேண்டியிருக்கும். கம்பியின் நீளமும் 40 மீட்டராகும். அதே இழுவிசைக்குள் நிறுத்த நான்கு மடங்கு தொய்வு தேவைப்படும் என்பதால், நடுவில் ஒரு கம்பம் நட்டுத் தலைகீழ் ‘வி’யாக இரு பக்கமும் இறக்கிக் கட்டுவதே சரி.